ஓடம் தந்த உறவு



காவிரியைத் தாயென்று பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். ஆனால் அந்தத் தாயின் மடிமீது ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்று மறுகரை சேர்த்தானே ஓடக்காரன், அவனை உடன்பிறந்தவனாகப் பாடியவர் எத்தனை பேர்? பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வட்டத்தின் முன் இன்று வைக்கப்படும் வினா இதுதான்.

ஆற்றங்கரையில் குடும்பத்தோடு ஓர் இரவு தங்குவதும், விடிந்ததும் ஓடமேறிச் செல்வதும் இன்றைய நோக்கில் விடுமுறைப் பொழுதுபோக்கு. தமிழின் இருபெருங் காப்பியங்களில் அஃது அத்தகையதன்று. வீட்டை இழந்து வந்தவர்கள் புதிய உறவைக் கண்டெடுக்கும் இடமாகவே ஆறும் ஓடமும் அங்கே அமைந்திருக்கின்றன. அவ்விரு காப்பியங்களுக்கும் திருவரங்கத்தோடு தொடர்புண்டு என்பது இந்த ஊர் அவைக்குத் தனி மகிழ்ச்சி தரத்தக்கது.

முதலாவது கம்பராமாயணம். அந்நூல் அரங்கேறிய இடமென்று மரபு போற்றும் மண்டபம் திருவரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் நிற்கிறது. குகப் படலத்தில் வருவது மூன்று பேர் கொண்ட சிறு குடும்பம்: அண்ணன், அவன் மனைவி, தம்பி. நகரத்தைத் துறந்து வந்த அவர்களுக்குக் கங்கைக் கரையில் அன்றைய இரவு கழிய வேண்டும். தேனும் மீனும் ஏந்தி வருகிறான் குகன். ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன் அவன். இருப்பிடம் சென்று விடியலில் ஓடங்களோடு வரும்படி இராமன் சொல்லியும், பிரிந்து போக அவனுக்கு மனம் வரவில்லை. நாணற் பாயலில் இருவர் துயில்கின்றனர். வில்லேந்திய இளையவன் இமையாமல் நிற்கிறான். அவனையும் துயில்கின்றவர்களையும் பார்த்துக் கண்ணீர் பெருக்கியபடி குகனும் அந்த இரவு முழுவதும் விழித்திருக்கிறான்.

விடிகிறது; ஓடம் வருகிறது; ஆறு கடக்கப்படுகிறது. கரையேறியபின் பிரியும் வேளையில் இராமன் குகனைத் தன் உடன்பிறப்பாக ஏற்கிறான். தம்பியை அவனுக்குத் தம்பியாக்குகிறான். சீதையை அவனுக்குச் சுற்றமாக்குகிறான். நால்வராய்ப் பிறந்தவர் ஐவராகின்றனர். இதில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அந்த உறவு குலத்தால் வந்ததன்று, கல்வியால் வந்ததன்று. உடன் விழித்திருந்த ஓர் இரவும், உடன் கடந்த ஓர் ஆறும் தந்த உறவு அது. கம்பன் பாடியது கங்கையை. ஆயினும் தேரழுந்தூரிலே பிறந்த அந்தப் பெரும்புலவன், நாணலையும் துறையையும் காவிரிக் கரையிலேதானே முதலில் கண்டிருப்பான்!

இரண்டாவது சிலப்பதிகாரம். புகாரை விட்டு வைகறையில் வெளியேறிய கோவலனும் கண்ணகியும், வழியில் கவுந்தியடிகளைத் துணையாகப் பெற்றுக் காவிரியின் வடகரை வழியே மெல்ல நடக்கின்றனர். நாளொன்றுக்குக் காதத்தைக் கடவாத நடை, இடையிடையே தங்கல். இவ்வாறு வந்தவர்கள் திருவரங்கத்தில் சாரணரை வணங்கியபின் ஓடமேறித் தென்கரை அடைகின்றனர். அந்த ஓடத்தை இளங்கோவடிகள் ‘நீரணி மாடம்’ என்கிறார். நீருக்கு அணியாக மிதக்கும் வீடு! வீடிழந்த இருவருக்கு அந்தச் சிறு பொழுதேனும் ஆற்றின்மேல் ஒரு வீடு கிடைத்தது.

தென்கரைச் சோலையில் எதிர்ப்பட்ட இருவர், இவர்கள் யாரென்று கேட்கின்றனர். துறவியான கவுந்தி தரும் விடை, இவர்கள் தம் மக்கள் என்பது. உறவுகளைத் துறந்தவர் வாயிலிருந்து உறவுச் சொல் பிறக்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று வம்பர் எள்ளியதும், நரிகளாகுமாறு சபிக்கப்பட்டதும், கண்ணகியும் கோவலனும் அவர்களுக்காக இரங்கியதும் யாவரும் அறிந்தவை. அன்றிரவு அம்மூவரும் தங்கியது இன்றைய திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாகிய உறையூரில். ஓடத்தில் ஏறியபோது வழித்துணை, இறங்கியபின் தாய். இளங்கோவும் கம்பனும் காலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள். ஆறு கடந்தபின் அயலவர் உறவினராவதை இருவருமே காட்டியிருப்பது தற்செயலாகுமா?

ஏட்டில் மட்டும் உள்ள செய்தியன்று இது. பரிசலில் ஒருமுறை குடும்பத்தோடு ஏறியவர் இதன் உண்மையை உணர்வர். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, முன்னாளில் தோலும் பின்னாளில் தாரும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய வட்டக் கலம் அது. முன்னும் பின்னும் அதற்கு இல்லை. துடுப்புச் சற்றே பிசகினால் நின்ற இடத்திலேயே சுழலும். எடை கூடியவர் எதிரெதிரே அமர வேண்டும். குழந்தை நடுவில் இருக்க வேண்டும். யாரும் எழுந்து நிற்றல் கூடாது. வீட்டில் எவர் பெரியவராயினும் பரிசலில் பரிசற்காரர் சொல்லே சட்டம். எங்கே சுழி, எங்கே பாறை, எங்கே மணல்மேடு என்பதை அவர் ஒருவரே அறிவார்.

கனடா நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் ‘கனூ’ என்னும் ஒடுங்கிய படகில் கூடாரமும் உணவும் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு சென்று கரையில் இரவு தங்கும் வழக்கம் உண்டு. அந்நாட்டுத் தொல்குடிகள் பூர்ச்ச மரப்பட்டையால் செய்த படகிலிருந்து வந்த கலம் அது. அங்கே தந்தையும் தாயும் பிள்ளைகளும் தாமே துடுப்பு வலிக்கின்றனர். குடும்பம் தன் வலிமையைத் தானே அறிந்துகொள்கிறது. தமிழ்நாட்டுப் பரிசலிலோ குடும்பம் தன்னை அயலார் ஒருவரிடம் ஒப்படைக்கிறது. முன்னது தன்னம்பிக்கையின் பயணம். பின்னது பிறர்மீது கொள்ளும் நம்பிக்கையின் பயணம். இரண்டும் வேண்டியவையே.

அந்த இரண்டாம் நம்பிக்கைக்குக் காவிரிக் கரையில் இன்று இடம் சுருங்கிவிட்டது. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது அதன் மரபு. மேட்டூரில் நீர் இருப்பைப் பொறுத்து அந்நாளும் மாறும். இவற்றால் விளைந்த வேளாண் நன்மையை மறுப்பாரில்லை. ஆயினும் ஆற்றின் வரவை அறிவிப்பது இப்பொழுது வானமன்று, மதகு. மதகு எப்பொழுது திறக்கும் என்று அறியாதவர் ஆற்று நடுவே மணல்மேட்டில் படுத்துறங்குவது பேதைமை. பாலங்கள் எழுந்தபின் ஓடத்துறைகள் பேச்சற்றுப் போயின. மணல் அள்ளப்பட்ட இடங்களில் படுகை தாழ்ந்தது. 2018 ஆகஸ்டு 22இல் முக்கொம்பின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆற்றை அடக்கிவிட்டதாக எண்ணியவர்களும் திகைத்தனர். நிலாச் சோறு உண்ட மணற்பரப்புப் பல குடும்பங்களில் பாட்டியின் பேச்சாகவே எஞ்சியிருக்கிறது.

இழந்தது மணலும் நீரும் மட்டுமல்ல. ஓடக்காரரோடு குடும்பங்களுக்கு இருந்த பழக்கமும் போயிற்று. சுழிக்கும் காற்றுக்கும் ஆழத்துக்கும் அவர் வழங்கிய சொற்களும் அவரோடு போய்க்கொண்டிருக்கின்றன. அகராதியில் ஏறாத அச்சொற்களை அவர் வாயிலிருந்தே கேட்டாலன்றி வேறு வழியில்லை.

ஆடி மாதத்தில் நம்பெருமாள் அம்மா மண்டபம் எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் அளிக்கிறார். ஆற்றை உறவாக மதிக்கும் மரபு அது. ஆற்றில் உழைப்பவரையும் உறவாக மதித்த மரபு குகப் படலத்தில் இருக்கிறது. முன்னது ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறுகிறது. பின்னதை நடத்த வேண்டியவர்கள் கவிஞர்கள்.

ஆகவே, அடுத்த கவியரங்கத்துக்குக் காவிரி தலைப்பாகுமாயின், கவிஞர் அதற்கு முன் ஒருமுறை குடும்பத்தோடு ஒகேனக்கல் போன்ற பரிசல் ஓடும் துறைக்குச் செல்லட்டும். ஏறி அமர்ந்ததும் பரிசற்காரரின் பெயரைக் கேட்கட்டும். சுழிக்கு அவர் என்ன சொல் வழங்குகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். காவிரியைத் தாயென்று பாடிய வாய், அவள் மடியில் துடுப்பு வலிப்பவரை அண்ணன் என்றோ தம்பி என்றோ அழைப்பதற்கு அதுவே தொடக்கமாகும்.