ரத்தம் சொல்லும் சேதி

 

சூரியநெல்லியில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 50. கொஞ்ச நாளாக மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

லயத்துக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறார்.

"என்னக்கா, ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்கு?"

"நம்பர் ரொம்பக் கூட இருக்காம் தங்கச்சி. நான் எத்தனை நாள் இருப்பேன்னு அதுல தெரிஞ்சிருமாம்."

"அதுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் மாத்திரை எதுக்கு?"

இந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. ரத்தம் சேதி சொல்வது உண்மைதான். ஆனால் அது என்ன சேதி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரத்தத்தில் இரண்டு அடையாளங்கள்

இதயம் தசையால் ஆனது. தசைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு வருகிறது. தசை சாகத் தொடங்குகிறது. அப்போது தசைக்குள் இருக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் கசிகிறது. அதன் பெயர் ட்ரோபோனின். ரத்தத்தில் இது கூடினால் இதயத் தசையில் அடிபட்டிருக்கிறது என்று பொருள். மாரடைப்பில் இது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆபத்து.

ஆனால் ஒன்று. வலி தொடங்கிய உடனே பார்த்தால் இது தெரியாமல் போகலாம். அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். 'ஒரு தடவை எடுத்தாச்சே' என்று எழுந்து வந்துவிடக் கூடாது. நெஞ்சு வலித்தால் வீட்டில் காத்திருக்கவும் கூடாது. உடனே ஜீப்பைக் கூப்பிட வேண்டும். முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இரண்டாவது அடையாளத்தின் பெயர் பி.என்.பி. இதயம் பலவீனமானால் அதன் சுவர் இழுபட்டு விரிகிறது. பாரம் தாங்காத இதயம் இந்தப் பொருளை ரத்தத்தில் விடுகிறது. 1988ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு அறிஞர்கள் இதைப் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். பெயரிலும் மூளை என்ற சொல்லையே சேர்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இது அதிகம் வருவது இதயத்திலிருந்து என்று.

பி.என்.பி. கூடுதலாக இருந்தால் ஆபத்தும் கூடுதல். வயது கூடினாலும், சிறுநீரகம் கெட்டாலும் இந்த எண் ஏறும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மருந்து சாப்பிட்ட பிறகு எண் நன்றாக இறங்கினால் அது நல்ல அறிகுறி. இறங்காதவர்களை டாக்டர்கள் இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள்.

விட்டுப்போன 25 எழுத்துகள்

சில குடும்பங்களில் இதய நோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஏன்? எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்கு இது எளிதில் புரியும்.

'மருந்து' என்று எழுதும்போது 'ந்' விட்டுப்போனால் என்ன ஆகும்? 'மருது' ஆகிவிடும். மருந்து கேட்ட இடத்தில் ஆள் வந்து நிற்பார்!

நம் உடம்புக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது. அதை மரபணு என்கிறார்கள். அதில் நான்கே வகை எழுத்துகள்தான். ஒரு பிரதி அம்மாவிடமிருந்து வருகிறது. இன்னொரு பிரதி அப்பாவிடமிருந்து வருகிறது. உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் எப்படிச் செய்வது என்று அதில் எழுதியிருக்கிறது.

இதயத் தசை சரியாகச் சுருங்கி விரிய ஒரு புரதம் தேவை. சிலருக்கு அந்தப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. ஹைதராபாத் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணி முதலிய அறிஞர்கள் இதைப் பற்றி 2009ஆம் ஆண்டு எழுதினார்கள். இந்தியாவில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இந்தக் குறை இருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

பயப்பட வேண்டாம். இந்தக் குறை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தாலும் பலருக்கு வயதான பிறகுதான் வருகிறது. ஆனால் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்தால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். அக்கா மகள், மாமன் மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அப்படி வரும் வாய்ப்பு கூடும்.

எல்லோரும் மரபணுச் சோதனை செய்ய வேண்டியதில்லை. குடும்பத்தில் சிறு வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதயம் வீங்கி இறந்திருக்கிறார்களா? அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் எக்கோ என்ற சோதனை எடுக்கச் சொல்வார். அதற்கு ஊசி இல்லை, வலி இல்லை.

திருவனந்தபுரத்தின் கணக்கு

இதயம் பலவீனமானவர்கள் எத்தனை காலம் இருக்கிறார்கள்? கேரளத்திலேயே இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தின் டாக்டர் ஹரிகிருஷ்ணனும் பிற டாக்டர்களும் இதைச் செய்தார்கள். 2013ஆம் ஆண்டு அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகள் விடாமல் விசாரித்தார்கள்.

ஒரு வருடத்துக்குள் 100க்கு சுமார் 31 பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து வருடத்தில் 59 பேர். கேட்கவே மனம் கலங்குகிறது.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. இதயத் தசை பலவீனமானவர்கள் வீட்டுக்குப் போகும்போது தேவையான மருந்துகளை எல்லாம் முழுமையாகப் பெற்றவர்கள் நான்கில் ஒருவர்தான். அப்படிப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். இதுதான் முக்கியமான சேதி. ஆபத்தின் அளவைச் சோதனை சொல்கிறது. ஆயுளைக் கூட்டுவது மருந்து.

சிவப்பு விளக்கு

கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுகிறது. டிரைவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. ஜீப் செத்துப்போயிற்று என்று அதற்குப் பொருளா? இல்லை. 'ஆயில் குறைகிறது, கவனி' என்று பொருள். நல்ல டிரைவர் உடனே நிறுத்திப் பார்ப்பார். வண்டி மேலே போய்ச் சேரும். விதி என்று மிதித்தால் என்ஜின் போய்விடும்.

ரத்தச் சோதனையும் அந்த விளக்கு மாதிரிதான். எண் கூடியிருந்தால் 'கூடுதல் கவனம் வேண்டும்' என்று பொருள். எண் இறங்கினால் 'மருந்து வேலை செய்கிறது' என்று பொருள். 'மாத்திரையை நிறுத்து' என்று ஒருநாளும் பொருள் இல்லை.

அந்த அம்மா என்ன செய்யலாம்?

மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். தீர்வதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றிலும் உப்பு அதிகம். காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டுகளை எறியக் கூடாது. தேதி வரிசையில் ஒரு பையில் வைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம், மலையாளமாக இருக்கலாம். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். தேதியைப் படிக்கலாம். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று பார்க்கலாம். "டாக்டர், இது ஏன் ஏறியிருக்கு?" என்று கேட்கலாம். படித்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. படிக்காதவர்களுக்கும் உண்டு. படித்தால் கேட்பது எளிது.

இனி பக்கத்து வீட்டுப் பெண் மறுபடியும் கேட்கட்டும், "மாத்திரை எதுக்குக்கா?" என்று.

அந்த அம்மா இப்படிச் சொல்லட்டும்: "நம்பரை இறக்கத்தான் தங்கச்சி. அடுத்த மாசம் போகும்போது நீயும் கூட வா. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்."