ஊட்டிச் சிவப்பு

ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் வர்க்கியோடும் தைலத்தோடும் இப்போது இன்னொன்றையும் வாங்கிவருகிறார்கள். உள்ளங்கை அகலத் தொட்டியில், தாமரை விரிந்ததுபோல அடுக்கடுக்காகத் தடித்த இலைகள். இலை விளிம்பெல்லாம் மருதாணி வைத்த மாதிரி சிவப்பு. எச்செவேரியா என்று பெயர். கடைக்காரர்கள் பொதுவாக சக்குலன்ட் என்றே சொல்கிறார்கள்.

நானும் ஒன்று வாங்கிவந்து சென்னை வீட்டுக் கூடத்தில், டீப்பாயின் மேல் வைத்தேன். மூன்றாவது வாரம் சிவப்பைக் காணோம். இரண்டாவது மாதம் தாமரை கலைந்து, தண்டு ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டியது. வெயில் படட்டும் என்று மாடியில் கொண்டுபோய் வைத்தேன். ஒரே பகலில் இலையில் பழுப்புத் தழும்பு விழுந்தது. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. ஒருநாள் தொட்டேன், இலைகள் கூழாகக் கையோடு வந்தன.

விற்றவர் ஏமாற்றவில்லை. அந்தச் சிவப்பைக் கொடுத்தது ஊட்டி. என்னால் அதையும் சேர்த்து வாங்கிவர முடியவில்லை, அவ்வளவுதான்.

எச்செவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைநாடு. அந்நாட்டுத் தாவரங்களை வரைந்த அத்தனாசியோ எச்செவேரியா என்ற ஓவியரின் பெயரை 1828-இல் இதற்கு வைத்தார்கள். ஊட்டியும் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் போர்வை வேண்டும். அந்த வெயிலுக்கும் குளிருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட செடி, தன்னைக் காத்துக்கொள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியை இலையில் பூசிக்கொள்கிறது. நாவல்பழத்துக்குக் கறுப்பு தருகிற அதே வகை நிறமிதான். நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குவது, ஒரு செடி பிடித்துக்கொண்ட குடை.

வெயிலைவிட இரவுதான் இந்த மாதிரி சக்குலன்ட்களுக்கு முக்கியம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று இந்த வகையிலேயே ஒரு செடி உண்டே, பள்ளிக்கூடத்தில் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து, ஓரத்தில் குட்டிச்செடி முளைக்கிறதா என்று திறந்து திறந்து பார்ப்போமே, அதுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அந்த இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சப்பென்று ஆகிவிட்டது. மாலையில் லேசாகக் கசந்தது. இதை எழுதி அனுப்பினார், 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. (அவர் மென்றார் என்பதற்காக நீங்களும் மெல்ல வேண்டாம், அந்த இலையில் நச்சுப்பொருள் உண்டு.)

புளிப்பின் ரகசியம் பிறகு தெரியவந்தது. இந்த இனச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறப்பதில்லை, திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தை எடுத்துச் சமைக்கின்றன. ராத்திரியில் மாவரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றுகிற கணக்கு. சித்திரை மாதத்துச் சென்னையில் இரவிலும் வெப்பம் இறங்க மறுக்கிறது. மலைநாட்டுச் செடி அந்தப் புழுக்கத்தில் துளைகளைச் சரியாகத் திறப்பதில்லை. மாவே அரைக்காத வீட்டில் காலையில் என்ன வேகும்? செடி வளராமல் சும்மா இருக்கிறது. வாடிவிட்டதே என்று நாம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். குடிக்க ஆளில்லாத தண்ணீர் வேரில் தேங்கி அழுக வைக்கிறது.

நிறம் ஊர் கொடுப்பது, ஆகவே வளர்ப்பவரின் கைத்திறனை நிறத்தை வைத்து எடைபோடாதீர்கள். ஸ்ப்ரே பெயின்ட் அடித்தே விற்கிறார்கள், பார்த்திருக்கிறேன். நான் கழுத்தைத்தான் பார்ப்பேன். இலைக்கும் இலைக்கும் நடுவில் தண்டு தெரிகிறதா? தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. நீண்ட கழுத்து பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் குறுகாது. தலையை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் புதிதாக நட வேண்டியதுதான். அடுத்தது இலைமேல் சாம்பல் பூத்த மாவு. விரல் பட்ட இடத்தில் ரேகை அப்படியே நிற்கும். மாவு கலையாத செடி என்றால், அதை வைத்திருப்பவர் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற ஆள் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அவர் நல்ல வளர்ப்பாளராகவும் இருப்பார்.

மண் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். நர்சரியிலிருந்து பல செடிகள் வெறும் தென்னைநார்க் கழிவில் வருகின்றன. அது நம் மழைக்காலத்தில் ஈரத் துணி மாதிரி நாள்கணக்கில் காயாது. உதறிவிட்டு, செங்கல் பொடியும் பருமணலும் பாதிக்கு மேல் கலந்த மண்ணில் வையுங்கள்.

இத்தனை பாடுபட்டுச் சென்னையில் எச்செவேரியாவைக் காப்பாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் என் ஓட்டு அடீனியத்துக்கு. ஆப்பிரிக்கா, அரேபியப் பக்கத்துச் செடி அது, நம் வெயிலைத் தாய்வீடு போல எடுத்துக்கொள்கிறது. நிழலில் வைத்தால் ஒல்லிக்குச்சியாக உயரும், பூக்காது. மொட்டை மாடியில், மண் காயக் காயத் தண்ணீர் விட்டால், அடிமரம் பானை வயிறாகப் பருக்கும். விதையில் வளர்த்ததா ஒட்டுக்கட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். விதைச்செடிக்குத்தான் அந்த வயிறு அழகாக வரும். தொட்டி மாற்றும்போதெல்லாம் இரண்டு விரற்கடை உயர்த்தி நட்டால், புதைந்திருந்த வேர்கள் ஆலமர வேர் மாதிரி வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாறு வருஷப் பொறுமை வேண்டும்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பிரண்டையும் இருக்கிறது. அதுவும் சக்குலன்ட்தான், இரவில் மாவரைக்கிற கூட்டம்தான். யாரும் தண்ணீர் விட்டதில்லை, தெற்கு வெயில் முழுக்க அதன் மேல்தான். நான்கு பட்டையும் சீவினாற்போல் கூர்மையாக, கணுக்கள் நெருங்கி, ஒரு குறை சொல்ல முடியாது. எச்செவேரியாவுக்கு நிழல் தர நான் வாங்கிய பச்சை வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா துவையலுக்கு இளசாகப் பார்த்து ஒடித்துப்போகிறார்.