பல் சுகாதாரப் படிப்பு: பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்க!

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், டென்டல் ஹைஜீனிஸ்டாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் பேசியதிலிருந்து)



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். “பொண்ணை அடுத்து என்ன படிக்க வைக்கிறது?” நர்ஸ், டீச்சர் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். என் படிப்பைச் சொன்னால், “பல்லு டாக்டராம்மா?” என்று கேட்கிறார்கள். டாக்டர் இல்லை, பல் சுகாதாரப் பணியாளர். இங்கிலீஷில் டென்டல் ஹைஜீனிஸ்ட்.

பல்லில் தினமும் ஒரு படிவு சேருகிறது. துலக்கி எடுக்காமல் விட்டால் அது கெட்டியாகிக் காரை பிடிக்கும். பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அது வராது. ஈறு வீங்கும், ரத்தம் கசியும், நாளடைவில் சொத்தை இல்லாத பல்கூட ஆட்டம் கண்டு விழுந்துவிடும். அந்தக் காரையைக் கருவி வைத்து எடுப்பது, பல்லை மெருகிடுவது, எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக் கொடுப்பது, இவைதான் எங்கள் வேலை. பல் பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர் வேலை. அவர் மேற்பார்வையில்தான் நாங்கள் செய்கிறோம். தனியாக போர்டு மாட்ட முடியாது.

இதற்கு எதுக்குப் படிப்பு என்று நினைக்காதீங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஒழுங்கா துலக்கலைன்னு அம்மாக்கள் திட்டுவார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் இருந்ததால், பல் உருவாகும் வயதிலேயே வந்த கறை அது. தேய்த்தால் போகாது. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கும் அதுதான் காரணம். எது காரை, எது ஃபுளோரைடு கறை, எது டாக்டர் உடனே பார்க்க வேண்டிய புண் என்று பிரித்துப் பார்க்கத்தான் படிக்கிறோம்.

இந்த வேலை தொடங்கியதே ஒரு பெண்ணை வைத்துத்தான். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்பிரெட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர், 1906-ல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக் கொடுத்தார். 1913-ல் அதற்கென்று ஒரு பள்ளியையே தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். 1917-ல் முதல் லைசென்ஸ் நியூமனுக்குக் கிடைத்தது. பிறகு அது பல்கலைக்கழகப் படிப்பாகவும் வளர்ந்தது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்திலேயே இந்த வேலைக்குத் தனிப் பெயரும் பதிவும் வைத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, இந்தப் ‘பதிவு’ என்ற வார்த்தையைத்தான் மனசில் வைக்கணும். “ஆறே மாதத்தில் சர்ட்டிபிகேட், வேலை உறுதி” என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு உறுப்பினர் உள்கடன் வாங்கி மகளை அப்படி ஓர் இடத்தில் சேர்த்தார். அந்த சர்ட்டிபிகேட்டை வைத்துப் பதிவு செய்ய முடியவில்லை. அந்தப் பெண் இன்று ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அம்மா இன்னும் தவணை கட்டுகிறார். முறையான படிப்பு 2 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்க.

1. இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? முடித்தால் மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? கல்லூரி சொல்வதோடு நிற்காமல் கவுன்சிலிலேயே கேளுங்க.

2. நோயாளிகள் வந்து போகும் பல் மருத்துவமனை கூடவே இருக்கிறதா? கை பழகாமல் இந்த வேலை வராது.

3. விடுதி, பரீட்சை, கருவி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுத்தில் வாங்குங்க. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

4. போன வருஷம் முடித்த பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களிடமே பேசுங்க. பல சின்ன கிளினிக்குகளில் டாக்டரே காரை எடுத்துவிடுவார். தொடக்கச் சம்பளமும் பெரிசா இருக்காது. தெரிந்தே சேர்வது நல்லது. “வெளிநாட்டு வேலை” என்று யாராவது சொன்னால் நிதானிங்க. அமெரிக்காவில் அந்த நாட்டு விதிப்படி படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினால்தான் இந்த வேலை.

பணத்துக்கு முதலில் வங்கியில் கல்விக் கடன் கேளுங்க. மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி இந்தக் கடனைத் தராது. அதுவே நமக்கு ஒரு சோதனை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்காக 2022-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கினார்கள். அந்த உதவி கிடைக்குமா என்றும் கல்லூரியில் விசாரியுங்க.

கறவை மாட்டுக் கடன் என்றால் நாலு பேர் போய் மாட்டைப் பார்த்த பிறகுதானே கொடுக்கிறோம்? படிப்புக் கடனுக்கும் அப்படியே இரண்டு உறுப்பினர்கள் கல்லூரிக்கு நேரில் போய் இந்த நாலு கேள்வியைக் கேட்டு வரட்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.