பயிருக்குக் கண் பட்டதா?

(ஆரோவிலுக்கும் மரக்காணத்துக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தில் விவசாயத் தோழர்களிடையே பேசியது)



மல்லாட்டைக் கொல்லை வெளுத்தால் நாம் என்ன சொல்லுகிறோம்? “எவன் கண் பட்டதோ” என்கிறோம். உடனே பூசணிக்காய் வாங்குகிறோம், கழிப்புக் கழிக்கிறோம், மந்திரித்த கயிறு கட்டுகிறோம். பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் இந்தச் செலவு தெரியுமா? அதற்குள் அது பக்கத்துக் கொல்லைக்கும் போய்விடுகின்றது. நான் சொல்லுவது என்னவென்றால், கண் பட்டதால் பயிர் கெடவில்லை. காலத்தில் கண் படாததால்தான் கெட்டது என்பதேயாகும்.

ஆனால் நம் கண்ணுக்கும் ஓர் எல்லையுண்டு. சூரிய வெளிச்சத்தில் சிவப்புக்கு அப்பால் நமக்குத் தெரியாத ஒளியொன்று இருக்கின்றது. அதற்கு அகச்சிவப்பு என்று பெயர். நல்ல இலை அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பியடிக்கும். நோய் கண்டு இலையின் உள்ளமைப்புக் கெட்டால், திருப்பியடிப்பதும் குறைந்து போகும். இரண்டாவது உலக யுத்தத்தில், பச்சை வர்ணம் பூசி மறைத்த தளவாடத்தையும் உண்மையான பச்சிலையையும் பிரித்தறிய இவ்வொளியைப் பதியும் பிலிமை உபயோகித்தார்கள். 1956-இல் கால்வெல் என்னும் அமெரிக்கர் அவ்விதப் படங்களைக் கொண்டே தானியப் பயிரின் துரு நோயைக் காட்டினார்.

நம் நாட்டிலும் நடந்திருக்கின்றது. கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோய் நெடுங்காலமாகக் குடியானவர்களை வாட்டி வந்தது. 1970 வாக்கில் பிஷரோட்டி என்னும் விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் ஹெலிகாப்டரில் ஏறி, காயங்குளம் பக்கத்துத் தோப்புகளை அகச்சிவப்புப் பிலிமில் படமெடுத்தார்கள். நோயுற்ற மரங்களின் தலை வேறு நிறமாகத் தெரிந்தது. இந்தியாவில் இந்தத் தொலையுணர்வுக் கலை தொடங்கியதே அந்தத் தென்னந்தோப்பில்தான். பின்னர் 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் பூமியைப் பார்க்கச் சென்றது. அந்த வேர்வாடல் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரால் வருவது. சிறு பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கொண்டு செல்லுகின்றன. இதில் தெய்வ கோபத்துக்கு இடமெங்கே?

இனி, வானத்திலிருந்து வந்த சேதி என்பதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படத்தில் ஒரு புள்ளியென்பது 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதாவது சுமார் இரண்டரை சென்ட் நிலம். இலைக்கடியில் இருக்கும் அசுவினி அதில் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மேகம் மூடினால் நிலமே தெரியாது. மேலும், செடி வாடுகிறது என்று அது சொல்லுமே தவிர, ஏன் வாடுகிறது என்று சொல்லாது. உப்பளத்தையும் கழுவெளியையும் அடுத்த நம் நிலத்தில் உவர் ஏறினாலும் பயிர் வாடும். தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடும். பூச்சி அடித்தாலும் வாடும். மூன்றும் படத்தில் ஒரே மாதிரியாகத் தோன்றலாம். காரணம் தெரியாமல் மருந்தடிப்பது கழிப்புக் கழிப்பதற்குத் தம்பியே ஆகும். கழிப்பாவது காசோடு போகும். மருந்தோ மண்ணையும், அடிக்கிற கூலியாள் உடம்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஆகையால் தோழர்களே! 100 ஏக்கரில் எந்த மூலைக்கு முதலில் போக வேண்டுமென்று வானத்துக் கண் சொல்லட்டும். அங்கே நடந்து போய், இலையைத் திருப்பி, வேரைப் பிடுங்கிப் பார்ப்பது நம் வேலை. விளங்காவிட்டால் செடியை வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மல்லாட்டைக்குத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கின்றது. பூசாரி சொன்னாலும், மருந்துக் கடைக்காரர் சொன்னாலும், வானத்திலிருந்து படம் வந்தாலும் “காரணம் என்ன?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தம் கொல்லையிலிருந்தே தொடங்க வேண்டுமென்று கேட்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.