"திரும்ப நிறுங்க!"

கூடையை இறக்கி வைத்த கையோடு இந்த டயகமக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே, அக்காமாரே, படிக்கிற தம்பி தங்கச்சிமாரே!

ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே ஒரு அக்காதான் ஞாபகத்துக்கு வருகிறார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்குப் பிரட்டுக்களத்தில் ஏச்சு விழும். எடுத்த கொழுந்தைத் தினமும் தன் கொப்பியில் எழுதுவார். கிலோ குறைந்தால் தராசு முன்னால் நின்று, "திரும்ப நிறுங்க ஐயா" என்பார். அவருக்கு ஒரு கைதட்டு! ஆராய்ச்சியிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்: திரும்ப நிறுத்துப் பார்த்தீர்களா?

2014இல் ஒரு கட்டுரை வந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளின் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் கடின நீரும் உலோகங்களும் காரணமாக இருக்கலாம் என்றது. இருக்கலாம்! அது கருதுகோள், புதிதாக அளந்து காட்டியது அல்ல. அந்த மக்களின் நோய் உண்மை, கண்ணீரும் உண்மை. ஆனால் நிறுத்துப் பார்த்துவிட்டா 2015இல் அந்தக் களைக்கொல்லிக்கு நாடு முழுக்கத் தடை போட்டார்கள்? மலையெல்லாம் புல். புல்லுக்குள் அட்டை, குளவி. உள்ளே கால் வைத்தது யார், துரையா? நம்ம அக்காமார்தான்! 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையை எடுத்தார்கள். போட்டபோதும் கணக்கைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டவில்லை, எடுத்தபோதும் காட்டவில்லை!

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் வாபஸ். இடையில் கொழுந்து சுருங்கியது. கிலோ வராவிட்டால் அரைப் பேர், அரை நாள் சம்பளம், யாருக்கு?

கேகாலைப் பாணி ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பர். கொரோனாவுக்கு மருந்து என்றதும் ஆயிரக்கணக்கில் வரிசை. சுகாதார அமைச்சரே குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா!

இத்தனை வீடு கட்டிக் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை கணக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியும். ஐயாமாரே, பட்டியலைத் தாருங்கள்! லயத்தில் இருக்கிற நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போய் எண்ணிப் பார்க்கிறோம்! எண்ண விடாத கணக்கை நம்பி இனி ஒரு வாக்குக்கூட இல்லை!

விஷயத்துக்கு வருகிறேன். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில்தான் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். அவர்களிடம் கேட்போம்: எந்த மலையில் மருந்து அடித்தீர்கள், அடிக்காத மலையில் என்ன விளைந்தது, சரிவராமல் போன சோதனைகள் எவை? முடிவை மட்டும் அல்ல, அளந்த அளவுகளையும் அளந்த விதத்தையும் தமிழில் தாருங்கள். நம்ம பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கிறார்கள். அதே மாதிரி செய்து பார்க்கட்டும், அதே விடை வருகிறதா என்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பம் எழுதியாகிவிட்டது, மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. அடுத்தது யார்? எழுந்து வாருங்கள்!