பாலும் கிருமியும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவிலுள்ள கிருமிகளால் மக்கட்கு எவ்வளவு தீங்கு நேரும் என்று மதிப்பிடுதற்கு, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2000ஆம் ஆண்டு முதல் வல்லுநர் கூட்டங்கள் நடத்தி வருகின்றன. அத்துறைக்கு ஒரு பெயரும் ஏற்படாத காலத்தே அப்பணியை மேற்கொண்ட ஓர் அம்மையாரைப் பற்றியே யான் இன்று பேச எழுந்தேன்.

அவர் பெயர் ஆலிஸ் இவான்ஸ். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் 1881இல் பிறந்தவர். நான்காண்டுகள் பள்ளியாசிரியையாக இருந்தவர். (எனக்கு அதனால் அவர்பால் ஒரு தனி அபிமானம் உண்டென்பதை மறைப்பானேன்?) கிராமத்து ஆசிரியர்க்கெனக் கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய இயற்கைப் பாடத்தைக் கற்கச் சென்றவர், கிருமிநூலிலே புகுந்தார்.

மால்டாத் தீவில் ஆட்டுப்பாலால் மக்கட்குப் பரவிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டிருந்தார். பசுக்களின் சினையைக் கலைக்கும் கிருமியை 1897இல் டென்மார்க்கு நாட்டுப் பாங் என்பவர் கண்டிருந்தார். இரண்டும் தொடர்பற்றவை என்றே அறிஞர் எண்ணினர். அம்மையார் அவற்றை அருகருகே வைத்துச் சோதித்து, இவற்றைப் பிரித்தறிதலே அரிது என்று 1917இல் கிருமிநூலார் சங்கத்தில் கூறினார். நோய்க்குறி சிறிதுமில்லாத பசுவின் பாலிலும் அக்கிருமி இருத்தல் கூடும்; ஆதலின் பாலைச் சூடாக்கியே பருகவேண்டும் என்றார். நம் இல்லங்களிலும் பாலைப் பொங்கக் காய்ச்சுதல் வழக்கமேயாயினும், கறந்த சூட்டோடு குடித்தால் உடம்பு தேறும் என்று குழந்தைக்குப் பச்சைப் பாலைப் புகட்டுவாரும் நம்மிடை உளரல்லரோ?

அவர் சொல்லை நம்புவார் அரியராயினர். அஃது உண்மையாயின் மற்றையோர் கண்ணுக்கு ஏன் தப்பிற்று என்று வினவினர். அவரோ டாக்டர் பட்டம் பெறாதவர்; அதன்மேலும் பெண். பால் வாணிகர் சிலர், பால் சூடாக்கும் இயந்திரம் செய்வாரோடு அவர் கூடிக்கொண்டார் என்று பழி தூற்றினர். 1920இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயர் என்பார் சோதித்து, அவர் முடிபு மெய்யென்று கண்டார்.

1922இல் அக்கிருமியே அம்மையாரைப் பற்றியது. ஏறக்குறைய இருபதாண்டுகள் விட்டுவிட்டு வருத்திய அந்நோயை, மருத்துவர் முதலில் நரம்புத் தளர்ச்சி என்றனர். அஃதாவது, எல்லாம் வெறும் எண்ணமே என்பது அவர் கருத்து! அந்நோயை உலகுக்கு விளக்கியவரிடமே இவ்வாறு கூறினாராயின், பெயரறியாக் குடியானவன் ஒருவன் காய்ச்சலோடு சென்றிருந்தால் யாது சொல்லியிருப்பர்? பின்னர் அவர் உடம்பிலிருந்தே அக்கிருமியை எடுத்துக் காட்டினர்.

1928இல் அவரை ஐயுற்ற அச்சங்கமே அவரைத் தலைவராக்கியது. அவ்விடத்தில் அமர்ந்த முதற் பெண் அவரே. பாலை 63 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துப் பின் விற்றல், 1930க்குப் பின் அந்நாட்டில் பெருவழக்காயிற்று. 1945இல் ஓய்வு பெற்ற அம்மையார், 1975 வரை வாழ்ந்திருந்து அதனைக் கண்ணாரக் கண்டார்.