படமும் ஒலியும்

காஞ்சிபுரத்துக்கு அணித்தே கூரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இராமாநுசரின் சீடராகிய கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. வரலாறு பயில்வோர் அவ்வூரை முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் அறிவர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அச்செப்பேடு, சிவன் கோயிலுக்கு நிலம் வழங்கியதோடு, மண்டபத்தில் பாரதம் வாசிக்கவும் வகை செய்கிறது. வாசிப்பு உண்டு என்று செப்பேடு சொல்லிவிட்டது. வாசித்தவர் குரலை நமக்குத் தர அதனால் இயலவில்லை.

அந்த வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது இன்றும் மறையாத வழக்கம். வீடியோ காமிரா ஊர்ப்புறங்களை எட்டிய 1980-களுக்குப் பிறகு, திருமணங்களோடு கூத்துகளும் வி.எச்.எஸ். நாடாக்களில் ஏறின. அன்று ஆடியவருள் பலர் இன்று இல்லை. அத்தகைய நாடாவை டி.வி.டி. தட்டுக்கு மாற்றுவோர் ஒரு குறையைச் சொல்வார்கள்: ‘தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக, கால் தரையில் பட்ட பிறகுதான் சலங்கை ஒலிக்கிறது, படமும் விக்கி விக்கி ஓடுகிறது’ என்று. இக்குறையின் காரணங்களை இன்று ஆராய்வோம்.

ஏரியின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை இறங்கிய பின்னரே ஓசை வரும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால் இது நிகழ்கிறது. ஆதலின், ஒலி சற்றுப் பிந்தினால் நம் மனம் பொறுத்துக்கொள்கிறது. முந்தினாலோ உடனே உறுத்துகிறது, ஏனெனில் இயற்கையில் அப்படி நடப்பதே இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இதற்கு அளவு கூறுகிறது. ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவர். பிந்துவதாயின் 125 மில்லிவிநாடி வரை உணரமாட்டார்கள். நம் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஆகவே ஒரே ஒரு படத்தின் காலம் 40 மில்லிவிநாடி. எவ்வளவு நுண்ணிய கணக்கு, பாருங்கள்!

மருந்துக்கு முன் நாடி பார்த்தல் வேண்டும். பதிவின் தொடக்கத்தில் தெளிவான ஓர் அடியைத் தேர்ந்து, ஒலி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து குறியுங்கள். நடுவிலும் இறுதியிலும் அவ்வாறே செய்யுங்கள். மூன்றிடத்திலும் விலகல் ஒன்றே எனில் கவலை இல்லை; ஒலித்தடத்தை முழுவதுமாக அவ்வளவு நகர்த்தினால் போதும்.

விலகல் சீராக வளர்ந்துகொண்டே போனால், எங்கோ இரு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய நாடாவில் விநாடிக்கு 29.97 படங்கள் இருக்கும். அதை 30 என்று கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகிவிடும். டி.வி.டி. படங்களின் ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகளாக அமைவது வழக்கம். இசைத்தட்டின் ஒலியோ 44,100. முன்னதைப் பின்னதன் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்துக்கும் மேல் நீளும். குரலும் கட்டை இறங்கும். இங்கெல்லாம் நகர்த்துவது பயன் தராது. விகிதம் கண்டு, ஒலியை அவ்வளவு நீட்டவோ சுருக்கவோ வேண்டும். இன்றைய கைப்பேசிப் பதிவுகளில் படவேகமே இடையிடையே மாறுவதுண்டு. அவற்றை முதலில் ஒரே சீரான வேகத்துக்குக் கொண்டுவருதல் நலம்.

திரைப்படத்துக்கு ஒரு தனி விந்தை உண்டு. விநாடிக்கு 24 படங்களாக எடுத்ததை 25 ஆக ஓட்டும்போது 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியும் உடன் விரைவதால் விலகல் தோன்றாது. ஆனால் பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றே குறைவாக ஏறிவிடும். இசை பயின்ற செவிக்கு இது தெரியாமல் போகாது.

மூன்றாவது வகைதான் கொடியது. விலகல் திடீர் திடீரெனத் தாவித் தாவி வளரும். நாடா தேய்ந்து, படத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் துடிப்புகள் சிதைந்த இடங்களில், கணினி சில படங்களைக் கைவிட்டுவிடுகிறது. ஒலியோ நிற்காமல் செல்கிறது. ஒரு மணி நேரத்தின் 90,000 படங்களில் 25 தொலைந்தால், இறுதியில் ஒலி ஒரு விநாடி பிந்தும். எந்த விகிதமும் இதைத் திருத்தாது. நாடாக் கருவிக்கும் கணினிக்கும் இடையே, சிதைந்த துடிப்புகளைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவியை வைத்து மீண்டும் பதிவதே வழி.

இனி, விக்கல். 30 படத்தை 25 ஆக்க ஆறில் ஒன்றை எறிந்துவிட்டால், காமிரா திரும்பும் காட்சிகள் துள்ளும். மற்றொரு காரணம் நுட்பமானது. தொலைக்காட்சியின் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக வருகிறது. இவற்றின் வரிசையை மாற்றிப் பதிந்தால், ஆடுபவர் முன்வைத்த காலைப் பின்வாங்கி மீண்டும் முன்வைப்பது போல் நடுங்குவார். அசையாதவை மட்டும் ஒழுங்காகத் தெரியும். அவ்வாறு கண்டால் மென்பொருளில் வரிசையை மாற்றிப் பாருங்கள். சில வேளை குறை தட்டில் இருக்கும். டி.வி.டி.யில் படத்துக்கு விநாடிக்கு 98 இலட்சம் பிட் உச்சவரம்பு. தெளிவின் ஆசையால் அதைத் தொட்டுப் பதிந்த தட்டை, வீட்டில் பதியும் வகையாயின், பழைய கருவிகள் படிக்கத் திணறும். 80 இலட்சத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 4.7 கிகாபைட் தட்டில் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டுமாயின், ஒலியும் சேர்த்து 50 இலட்சமே கிடைக்கும்.

வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016-இல் அப்பணியை நிறுத்திவிட்டது. எனவே நல்ல கருவி கிடைத்த அன்றே, முதலில் நாடா முழுவதையும் சுருக்கமின்றிக் கணினியில் ஏற்றி, ஒரு படி தனியே வையுங்கள். திருத்தங்களை வேறொரு படியில் செய்யுங்கள். நாடாவையும் எறிந்துவிடாதீர்கள், ஈரமும் வெயிலும் படாத இடத்தில், புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள்.